"கடைசி ஒரு மணி நேரத்தில்தான் லாபம்": 1837ல் போட்ட அந்தக் கணக்கில் எங்கே பிழை?

பேரேடு எழுதியது:

தொழிற்புரட்சிக் காலப் பொருளாதார வாதங்களில் ஒன்று என்னை ரொம்ப நாளாகக் குடைந்துகொண்டிருக்கிறது. நாசோ சீனியர் போட்ட "கடைசி மணி நேர" கணக்கு. சீனியர் சாதாரண ஆள் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அரசியல் பொருளாதாரத்துக்கு முதல் பேராசிரியர்.

பின்னணி இதுதான். இங்கிலாந்தில் 1833ல் ஒரு தொழிற்சாலைச் சட்டம் வந்தது. பட்டு ஆலைகளைத் தவிர மற்ற நெசவு, நூற்பு ஆலைகளில் 9 வயதுக்குக் கீழே இருப்பவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது. 9 முதல் 13 வரை உள்ள பிள்ளைகளுக்கு வாரம் 48 மணி நேரம். 13 முதல் 18 வரை வாரம் 69 மணி நேரம். ஆறு நாளுக்குப் பிரித்தால் தினம் பதினொன்றரை மணி. தொழிலாளர்கள் "எல்லாருக்கும் பத்து மணி நேரம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். சீனியர் மான்செஸ்டர் பக்கம் போய் ஆலை முதலாளிகளிடம் பேசிவிட்டு, வர்த்தக வாரியத் தலைவருக்குக் கடிதங்களாக எழுதி 1837ல் அச்சில் கொண்டுவந்தார்.

அவர் கணக்கு: ஒரு முதலாளி 1,00,000 பவுண்டு போடுகிறார். 80,000 கட்டடத்திலும் இயந்திரத்திலும். 20,000 பஞ்சிலும் கூலியிலும். வருடத்துக்கு ஒருமுறை போட்ட முதல் (மூலதனம்) திரும்புகிறது, மொத்த லாபம் 15 சதவீதம். ஆக வருட விற்பனை 1,15,000. ஒரு நாள் வேலையை 23 அரை மணிகளாகப் பிரித்தால், ஒவ்வொரு அரை மணியும் 5,000 பவுண்டு தருகிறது. முதல் 20 அரை மணி, போட்ட முதலை மீட்க. 21ஆவது, இயந்திரத் தேய்மானத்துக்கு. கடைசி இரண்டு அரை மணிகள்தான் நிகர லாபமான 10,000. எனவே ஒரு மணி நேரத்தைக் குறைத்தால் நிகர லாபம் முழுக்கப் போச்சு. ஒன்றரை மணி குறைத்தால் மொத்த லாபமும் போச்சு.

நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். முதல் பார்வையிலேயே இரண்டு இடம் உறுத்தியது. 80,000 பவுண்டு கட்டடமும் இயந்திரமும் ஒரே வருடத்தில் தீர்ந்துபோவதில்லையே, அதை முழுசாக வருடச் செலவில் ஏற்றிவிட்டு, அப்புறம் தேய்மானம் என்று தனியாக வேறு ஏன் ஏற்ற வேண்டும்? இரண்டாவது இன்னும் பெரியது. காலையில் நூற்கிற நூல் செலவுக்கு, மாலையில் நூற்கிற நூல் லாபத்துக்கு என்று நேரத்தை வரிசையில் நிறுத்துகிறார். அரை மணி நேரம் ஆலை ஓடாவிட்டால் அந்த அரை மணிக்கான பஞ்சு கிடங்கிலேயே இருக்குமே! நிலக்கரியும் எண்ணெயும் மிச்சம்தானே!

நானே ஒரு மாதிரி ஆலையை வைத்துப் போட்டுப் பார்த்தேன் (எண்கள் என்னுடையவை). விற்பனை 115. அதில் பஞ்சு, கரி, எண்ணெய் 65. கூலி 25. தேய்மானமும் மற்ற நிலைச் செலவுகளும் 10. லாபம் 15. இப்போது பதினொன்றரை மணியைப் பத்தரையாகக் குறைக்கலாம். உற்பத்தி அதே விகிதத்தில் குறைகிறது என்றே வைத்துக்கொள்வோம். விற்பனை 105. பஞ்சு வகை சுமார் 59.3. கூலியைக் குறைக்கவே இல்லை, 25. நிலைச் செலவு 10. லாபம் சுமார் 10.7. நூற்பாளர்களுக்கு அன்று பெரும்பாலும் துண்டு விகிதக் கூலிதான், அதாவது செய்து முடித்த அளவுக்குக் கூலி. கூலியும் உற்பத்தியோடு இறங்கும் என்றால் லாபம் சுமார் 12.8. அடி விழுகிறது, மறுக்கவில்லை. ஆனால் "முழுக்கப் போச்சு" என்பது எங்கே, இது எங்கே?

இதில் என்னைக் கோபப்படுத்துவது பிழை அல்ல. ஒன்பது வயதுப் பிள்ளையின் வேலை நேரத்தைத் தீர்மானிக்கிற இடத்தில், சரிபார்க்காத ஒரு கணக்கு விஞ்ஞானத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தது என்பதுதான். விவரம் தெரிந்தவர்கள் வாருங்கள்.

---

ரிங்ஃப்ரேம் எழுதியது:

பேரேடு அண்ணா, கணக்கு அருமை. நான் கோவைப் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் மேற்பார்வையில் இருக்கிறேன். "கடைசி மணி நேரம்" என்றதும் எனக்குத் தோன்றுவது வேறு.

மில்லுக்குள் வராதவர்களுக்காகச் சொல்கிறேன். ரிங் ஃப்ரேம் என்ற நூற்பு இயந்திரத்தில் வரிசையாகக் கதிர்கள் (நூல் சுற்றும் தண்டுகள்) சுற்றிக்கொண்டிருக்கும். எங்காவது இழை அறுந்தால் சைடர் (ஃப்ரேமைப் பார்த்துக்கொள்கிற தொழிலாளி) நடந்து போய் ஒட்ட வேண்டும். ஒட்டுகிற வரைக்கும் மேலே ரோலர் பஞ்சைக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். அது நூலாகாது. உறிஞ்சு குழாய் வழியாகக் கழிவுப் பெட்டிக்குப் போகும். ஆக ஃப்ரேம் ஓடுவது மட்டும் உற்பத்தி ஆகாது. சைடர் எவ்வளவு சீக்கிரம் கண்ணில் பிடித்து, நடந்து, ஒட்டுகிறார் என்பதும் சேர்ந்ததுதான் உற்பத்தி.

ஷிப்டின் கடைசி மணி நேரத்தில் நடை தளரும், கண் தவறும். டபுள் ஷிப்ட் பார்க்கிற ஆள் என்றால் கேட்கவே வேண்டாம், இழைகள் அறுந்து தொங்கிக்கொண்டே இருக்கும். கழிவுப் பெட்டியைத் திறந்தாலே தெரிந்துவிடும். சீனியர் 23 அரை மணிகளும் ஒரே மாதிரி 5,000 பவுண்டு தரும் என்கிறார். ஆலைக்குள் ஒருநாள் முழுக்க நின்று பார்த்தவர் அப்படி எழுதியிருக்க மாட்டார். அன்றைக்கு மியூல் என்ற பழைய நூற்பு இயந்திரத்தில் இழை ஒட்டியது பிள்ளைகள். பதினொன்றாவது மணி நேரத்தில் ஒரு பிள்ளையின் கை எப்படி இருந்திருக்கும்?

---

திறந்தசந்தை எழுதியது:

சீனியர் கணக்கு பிழை என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அதிலிருந்து "எனவே சட்டம்தான் பிள்ளைகளைக் காப்பாற்றியது" என்று தாவ வேண்டாம்.

1833 சட்டம் நெசவு, நூற்பு ஆலைகளுக்குத்தான். சுரங்கத்துக்கு 1842 வரை சட்டம் இல்லை. துணி அச்சுக் கூடங்களுக்கு 1845. லேஸ் தொழிற்சாலைகளுக்கு 1861. ஆலையில் வேலை போன பிள்ளை நேராகப் பள்ளிக்கூடம் போனது என்று யார் சொன்னது? வீட்டில் வறுமை அப்படியே இருக்கும்போது, சட்டம் எட்டாத, இதைவிட மோசமான இடத்துக்குப் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. வேலை நேரம் உண்மையாகவே குறைவதற்கு, ஒரு மணி நேரத்தில் ஒரு மனிதன் உண்டாக்கும் பொருளின் மதிப்பு கூட வேண்டும். அதைச் செய்தது இயந்திரமும் போட்டியும்.

---

கல்மரம் எழுதியது:

நல்ல விவாதம். விஞ்ஞானப் பக்கத்தை நான் கொஞ்சம் சேர்க்கிறேன்.

1833 சட்டத்தின் உண்மையான புதுமை வயது வரம்பு இல்லை. 1802லும் 1819லும் சட்டங்கள் இருந்தன. கண்காணிக்க ஆள் இல்லாததால் ஏட்டோடு போயின. 1833ல்தான் சம்பளம் வாங்கும் ஆய்வாளர்கள் வந்தார்கள், மொத்த நாட்டுக்கும் நான்கே பேர். அவர்களில் ஒருவர் லெனார்ட் ஹார்னர். எடின்பரோவில் பிறந்தவர், நிலவியல் அறிஞர், ராயல் சொசைட்டி உறுப்பினர், பிற்பாடு நிலவியல் கழகத்தின் தலைவர். புகழ்பெற்ற நிலவியல் அறிஞர் சார்ல்ஸ் லையல் அவருடைய மருமகன். ஆலை ஆய்வாளராக இருந்துகொண்டே எகிப்தில் நைல் நதி வண்டல் படிவை ஆழத் தோண்டவைத்து ஆராய்ந்தவர். அடுக்கு அடுக்காகப் படிந்ததைப் பொறுமையாகப் படிக்கத் தெரிந்த மனிதரை ஆலைக்குள் அனுப்பினார்கள். சீனியரின் கடிதம் வந்த உடனேயே, அதே 1837ல், அவருக்கு எழுத்தில் மறுப்புச் சொன்னவரும் ஹார்னர்தான்.

அவருக்கு வந்த முதல் தலைவலி என்ன தெரியுமா? பிள்ளையின் வயது. இங்கிலாந்தில் அரசுப் பிறப்புப் பதிவு 1837 ஜூலையில்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்த பிள்ளைக்கு ஒன்பதா பதினொன்றா என்று எப்படிச் சொல்வது? மருத்துவர் பார்த்துச் சான்றிதழ் கொடுப்பார். பெரும்பாலும் உயரத்தை வைத்து. ஆனால் ஆலைப் பிள்ளைகள் சாப்பாட்டுக் குறைவால் குள்ளமாக இருப்பார்கள், ஊட்டமாக வளர்ந்த சிறுவன் வயதுக்கு மீறி உயரமாக இருப்பான். 1837ல் எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் மருத்துவர் சுமார் ஆயிரம் பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்த்து, உயரத்தைவிடப் பல் முளைத்திருக்கும் வரிசையே வயதுக்கு நம்பகமான சாட்சி என்று காட்டினார். எந்தக் கடைவாய்ப் பல், எந்தக் கோரைப்பல் வந்திருக்கிறது என்பதை வைத்து ஒன்பதையும் பதின்மூன்றையும் பிரிக்கலாம் என்றார். பல்லை வைத்து வயதைக் கணிக்கும் தடயவியல் முறையின் தொடக்கங்களில் ஒன்று இது, தொழிற்சாலைச் சட்டத்துக்காகப் பிறந்தது.

அடுத்தது கடிகாரம். முதலாளிகள் சிலர் ஆலைக் கடிகாரத்தைக் காலையில் முன்னே தள்ளி, மாலையில் பின்னே இழுத்தார்கள். 1844 சட்டத்தில் "அருகில் உள்ள பொதுக் கடிகாரப்படி நேரம் இருக்க வேண்டும்" என்று எழுத வேண்டியிருந்தது. ரயில் நிலையக் கடிகாரம் மாதிரி.

இப்போது சீனியருக்கு ஆலையிலிருந்தே வந்த பதில். பிரஸ்டனில் ராபர்ட் கார்ட்னர் என்ற முதலாளி, 1844 ஏப்ரலில் தன் இரண்டு பெரிய ஆலைகளிலும் பன்னிரண்டு மணி நேரத்தைப் பதினொன்றாகக் குறைத்தார். ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், அதே செலவில் அதே அளவு உற்பத்தி. துண்டுக் கூலிக்காரர்கள் பதினொரு மணி நேரத்தில் பழைய பன்னிரண்டு மணிச் சம்பளத்தையே வாங்கினார்கள். ஹார்னர் இதை அறிக்கையில் பதிவு செய்தார். ரிங்ஃப்ரேம் தம்பி சொன்னதுதான் நடந்திருக்கிறது. கூடுதல் கவனம், குறைந்த விரயம்.

திறந்தசந்தை நண்பருக்கு ஒன்று. கார்ட்னர் தானாகச் செய்தார், உண்மை. ஆனால் அந்த முடிவு எல்லோருக்கும் தெரியவந்தது, சம்பளம் வாங்கும் ஓர் ஆய்வாளர் அறிக்கை எழுதியதால்தான்.

---

வாசகி_திண்டுக்கல் எழுதியது:

பெற்றோர்கள் என்ன செய்தார்கள்? அவர்களும் வயதைக் கூட்டிச் சொல்லியிருப்பார்களோ?

---

கல்மரம் எழுதியது:

சொன்னார்கள் அம்மா. பிள்ளையின் கூலி இல்லாமல் வீட்டு அடுப்பு எரியாது என்ற நிலை. சான்றிதழ் வாங்க வயதில் மூத்த பிள்ளையை அனுப்பிவிட்டு, வேலைக்கு இளையவனை அனுப்பியதும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

---

திறந்தசந்தை எழுதியது:

கார்ட்னர் விஷயம் நல்ல உதாரணம். என் பக்கத்துக்கும்தான்.

அதே சமயம் முழுப் படத்தையும் வையுங்கள். பத்து மணி நேரச் சட்டம் 1847ல் நிறைவேறியது. அந்த வருடம் பெரிய வணிக நெருக்கடி, பல ஆலைகள் ஏற்கெனவே குறைந்த நேரம்தான் ஓடிக்கொண்டிருந்தன. "நேரத்தைக் குறைத்தால் அழிந்துபோவோம்" என்ற வாதத்துக்கு அப்போது வலுவே இல்லை. அதற்கு முந்தைய வருடம்தான் தானியச் சட்டங்கள் (இறக்குமதித் தானியத்துக்கு வரி போட்டவை) ரத்தாகியிருந்தன. அந்த ரத்துக்குப் போராடிய ஆலை முதலாளிகள் மேல் நிலவுடைமையாளர்களுக்கு ஆத்திரம். மசோதாவை நடத்திச் சென்ற ஜான் ஃபீல்டன் தானே டோட்மார்டன் ஊர்ப் பெரிய ஆலை முதலாளி. கருணையும் அரசியலும் சந்தை நிலவரமும் ஒரே நேரத்தில் கூடின.

சட்டம் வந்த பிறகும் என்ன நடந்தது? பெண்களையும் பிள்ளைகளையும் முறைவைத்து உள்ளே வெளியே மாற்றி, ஆலையைப் பதினைந்து மணி நேரம் வரை ஓட்டினார்கள். யார் எத்தனை மணி வேலை செய்தார் என்று ஆய்வாளரால் கண்டுபிடிக்கவே முடியாது. 1850ல் நீதிமன்றமும் அது சட்டப்படி சரிதான் என்றது. அதன் பிறகு சமரசமாக வந்த சட்டத்தில் பத்து மணி, பத்தரை மணியாகிப்போனது.

இன்னொன்று. இயந்திரத்தை யார் எதற்காக மேம்படுத்தினார்கள் என்பதையும் பாருங்கள். 1824ல் ஹைட் நகர நூற்பாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, முதலாளிகள் மான்செஸ்டரில் ரிச்சர்ட் ராபர்ட்ஸிடம் போய் "தானே ஓடும் மியூல் செய்து கொடு" என்றார்கள். 1825ல் காப்புரிமை, 1830ல் மேம்பட்ட வடிவம். தொழிலாளி கேட்டால் இயந்திரம் வருகிறது, இயந்திரம் வந்தால் உற்பத்தி கூடுகிறது, கூடினால் நேரத்தைக் குறைக்க இடம் கிடைக்கிறது. சட்டம் இந்த ஓட்டத்தின் பின்னால் வருகிறது.

---

பேரேடு எழுதியது:

பின்னால் வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். இயந்திரத்தால் கிடைத்த இடத்தை முதலாளி தானாக விட்டுக்கொடுத்திருப்பாரா? நீங்களே சொன்ன முறைமாற்றுத் தந்திரம் அதற்குப் பதில். லாபம் இருந்த காலத்திலேயே பிள்ளைகளை ஒளித்து வைத்து வேலை வாங்கினார்கள். கார்ட்னர் மாதிரி ஒருவர் நேரத்தைக் குறைக்க நினைத்தாலும், பக்கத்து ஆலை பதினைந்து மணி ஓடும்போது அவருக்குப் பயம் இருக்காதா? எல்லோருக்கும் ஒரே விதி என்றால்தான் நல்லவர் நஷ்டப்பட மாட்டார். ஃபீல்டன் முதலாளியாக இருந்துகொண்டே சட்டம் கேட்டதை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

---

கல்மரம் எழுதியது:

இந்த வாதத்துக்குக் கிடைத்த மிகச் சுத்தமான சோதனை ஒன்று ஜெர்மனியில் நடந்தது. அதைச் செய்தவர் பொருளாதார அறிஞர் அல்ல, ஒளியியல் இயற்பியலாளர். எர்ன்ஸ்ட் அபே. நுண்ணோக்கி எவ்வளவு சிறிய பொருளை வரை பிரித்துக் காட்ட முடியும் என்ற எல்லையை 1873ல் வகுத்தவர். யேனா நகரில் கார்ல் சைஸ் நிறுவனத்தின் பங்குதாரர்.

அபே 1840ல் ஐசனாக் ஊரில் பிறந்தவர். அப்பா நூற்பாலைத் தொழிலாளி. தினம் 14 முதல் 16 மணி நேரம் நின்றபடி வேலை. மதியச் சாப்பாட்டை எடுத்துப் போவது சிறுவன் அபேயும் தங்கையும். சாப்பாட்டுக்கு இடைவேளையே கிடையாது. அப்பா இயந்திரத்தில் சாய்ந்துகொண்டோ ஒரு பெட்டி மேல் உட்கார்ந்தோ அவசர அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டு, காலிப் பாத்திரத்தைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு உடனே வேலைக்குத் திரும்புவாராம். நல்ல உயரமும் உடல்வலுவும் உள்ள மனிதர், 48 வயதில் கிழவரைப் போல் ஆகிவிட்டார் என்று அபே பின்னாளில் மேடையிலேயே சொல்லியிருக்கிறார்.

சைஸ் இறந்த பிறகு அபே தன் பங்கையும் கொடுத்து நிறுவனத்தை ஓர் அறக்கட்டளையின் உடைமையாக்கினார். 1900ல் ஒன்பது மணி நேர வேலை எட்டாகியது, ஒன்பது மணி நேரத்துச் சம்பளம் குறையாமல். அப்புறம் அளந்தார். துண்டு விகிதத்தில் வேலை செய்த 233 பேரின் முந்தைய வருடக் கணக்கையும் பிந்தைய வருடக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எட்டு மணியில் ஒன்பது மணி வேலை முடிய வேண்டும் என்றால் மணிக்கு 12.5 சதவீதம் கூட வேண்டும். கூடியது சுமார் 16 சதவீதம். அதாவது மொத்த உற்பத்தியே சுமார் 3 சதவீதம் ஏறியது. தொழிலாளர்களின் கணக்கு மட்டும் போதாது என்று, இயந்திரங்களுக்குப் போன மின்சாரத்தையும் பார்த்தார். சொந்தக் கொள்கைக்குச் சாதகமான முடிவை இரண்டாவது வழியிலும் சோதித்துப் பார்க்கிறாரே, அந்தப் பழக்கத்தின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

ஏன் இப்படி ஆனது என்பதற்கு அவர் தந்த விளக்கம் இன்னும் நன்றாக இருக்கும். இயந்திரத்தில் வேலை எதுவும் ஏற்றாமல் சும்மா ஓடவிட்டாலும் சக்தி செலவாகும். மனிதனுக்கும் அப்படித்தான். சத்தத்துக்கு நடுவே நிற்பது, குனிந்திருப்பது, கண்ணைக் கூர்மையாக வைத்திருப்பது, எல்லாமே ஒரு பொருள்கூடச் செய்யாவிட்டாலும் உடம்பைத் தின்கின்றன. நிறுத்தத்தில் எஞ்சினை அணைக்காமல் நிற்கிற பேருந்து டீசல் குடிப்பது போல. நேரத்தைக் குறைத்தால் இந்தச் சும்மா செலவு மிச்சமாகிறது. அது வேலைக்குப் போகிறது, அல்லது உடம்பிலேயே தங்குகிறது.

அபே தனி ஆள் இல்லை. இத்தாலியில் ஆஞ்செலோ மோஸ்ஸோ விரலால் எடை தூக்கவைத்துத் தசைச் சோர்வை வரைபடமாக்கினார். இங்கிலாந்தில் சால்ஃபோர்டு இரும்புப் பட்டறையில் வில்லியம் மாதர் 1893ல் 53 மணி வாரத்தை 48ஆக்கிப் பார்த்தார், நஷ்டம் வரவில்லை. அதைப் பார்த்து அரசே மறு வருடம் வுல்விச் ஆயுதச் சாலையில் 48 மணி நேரத்தைக் கொண்டுவந்தது.

---

புதுவரவு எழுதியது:

இதெல்லாம் இந்தியாவுக்கு எப்போது வந்தது?

---

பேரேடு எழுதியது:

முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881. அதற்கு லங்காஷயர் ஆலை முதலாளிகளே அழுத்தம் கொடுத்தார்கள், பம்பாய் ஆலைகளின் மலிவான போட்டி அவர்களுக்கு உறுத்தியதால். 7 முதல் 12 வயது வரை ஒன்பது மணி நேரம், அவ்வளவுதான். வயது வந்த ஆணுக்கு நேர வரம்பு 1911ல்தான் வந்தது, அதுவும் நெசவு ஆலைகளில் பன்னிரண்டு மணி. 1919ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கை உலகத்துக்கு வாரம் 48 மணி என்று சொன்னது, பிரிட்டிஷ் இந்தியாவுக்கு 60 என்று விதிவிலக்கு வைத்தது. 1922ல் அந்த 60 சட்டமானது, 1934ல் 54, 1946ல்தான் 48.

சென்னையில் பக்கிங்ஹாம், கர்னாடிக் ஆலைத் தொழிலாளர்கள் 1918ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் கட்டியபோது முன்வைத்த குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டு நேரம் போதவில்லை என்பது. அபேயின் அப்பா கதையைப் படித்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

---

ரிங்ஃப்ரேம் எழுதியது:

கல்மரம் ஐயா, அபே விஷயம் எனக்குப் புதுசு, நன்றி. ஒரு சந்தேகம். மணிக்கு 16 சதவீதம் கூடியது என்றால் அந்த ஆள் அத்தனை கூடுதல் வேகத்தில் வேலை செய்திருக்கிறார். நேரம் குறைந்தது சரி. வேகம் கூடினால் உடம்பு அதே பாடு படாதா? எங்கள் தொழிலில் எட்டு மணி நேரம் மாறவில்லை. ஆனால் ஒரு சைடர் பார்க்க வேண்டிய கதிர்கள் நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்ததைவிட இப்போது நிறைய. கதிர் வேகமும் கூடிவிட்டது. நடக்கிற தூரத்தை எந்தச் சட்டப் பதிவேட்டிலும் எழுதுவதில்லை.

---

கல்மரம் எழுதியது:

சரியான கேள்வி தம்பி. 1844க்குப் பிறகு இங்கிலாந்திலும் இதே புகார் வந்தது. நேரத்தைக் குறைத்த கையோடு இயந்திர வேகத்தைக் கூட்டினார்கள், ஒரு நெசவாளிக்குக் கூடுதல் தறிகளைக் கொடுத்தார்கள். ஆய்வாளர் அறிக்கைகளிலேயே அந்தக் கவலை இருக்கிறது.

யேனாவுக்கும் நீங்கள் சொல்வதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே பெரும்பாலும் கையாலும் கண்ணாலும் செய்யும் நுட்பமான வேலை, வேகத்தைத் தீர்மானித்தது தொழிலாளி. துண்டு விகிதத்தையும் குறைக்கவில்லை. கூடுதலாகச் செய்ததன் பலன் அவர் கைக்கே வந்தது, ஒரு மணி நேர ஓய்வும் கிடைத்தது. உங்கள் ஃப்ரேமில் வேகத்தை மோட்டார் தீர்மானிக்கிறது, கதிர் எண்ணிக்கையை நிர்வாகம் தீர்மானிக்கிறது. ஆகவே அபேயின் முடிவை அப்படியே உங்கள் மில்லுக்குத் தூக்கி வைக்க முடியாது. ஒரு ஷிப்டில் மணிவாரியாக எத்தனை இழை அறுந்தது, ஒட்ட எவ்வளவு நேரம் ஆனது, கழிவு எவ்வளவு என்ற கணக்கு உங்களிடம் இருந்தால், ஆலைப் பெயர் இல்லாமல் இங்கே போடுங்கள். பேரேடு உட்கார்ந்து பார்க்கட்டும்.